சமாரியா மலையிடுக்கு: 'கைடு உண்டு' என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள், அதுவும் தனியாக என்றால், சமாரியா மலையிடுக்குப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்த மலைகளில் அதைப் போல இன்னொன்று இல்லை. ஆனால் 'வழிகாட்டியுடன் ஒருநாள் பயணம்' என்று விற்கப்படும் அந்தச் சீட்டில் 'வழிகாட்டியுடன்' என்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு இரவு, கையிருப்பில் கணிசமான பணம், ஆசையாகப் போட்டு வைத்திருந்த இன்னொரு பயணம், பல வாரங்களுக்கு ஒரு முழங்கால் என்று வரிசையாகப் போனது. எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே போனதில்லை, கேட்க ஆளில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில் கொஞ்சம் விடுப்பு கிடைத்தது. கிரீட்டின் மேற்குப் பகுதியில் உள்ள ஹனியா நகரில் சின்ன அறை ஒன்று எடுத்துத் தங்கினேன். அந்தத் தீவின் அமைப்பு முதலில் புரிய வேண்டும். கிழக்கு மேற்காக சுமார் 260 கி.மீ. நீளம். ஊர்கள், விமான நிலையங்கள், பெரிய சாலை எல்லாம் வடக்குக் கரையில். நடுவில் முதுகெலும்பாக மலைத்தொடர். மேற்கே அதற்கு லெஃப்கா ஓரி, அதாவது வெள்ளை மலைகள் என்று பெயர். மலைகளைப் பிளந்துகொண்டு மலையிடுக்குகள் தெற்கே லிபியக் கடலில் போய் இறங்குகின்றன. அவை முடிகிற இடத்தில்தான் நல்ல கடற்கரைகள் பல இருக்கின்றன. அதனால்தான் அங்கே கடற்கரையையும் மலையிடுக்கையும் ஒரே நாளில் சேர்த்து விற்கிறார்கள். மலைச் சாலையில் தனியாகக் கார் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே பேருந்துப் பயணங்களையே நம்பினேன்.

முதலில் போனது எலஃபோனிசி. அது அருமையாக நடந்தது. வழியில் தோபோலியா மலையிடுக்கு. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குகைப்பாதை, முன்னால் சிக்னல் போட்டு மாறி மாறி விடுகிறார்கள். கைடு ஒலிவ எண்ணெயைப் பற்றி, பாறைக்கு மேலே குகைக்குள் இருக்கும் அயியா சோஃபியா கோவிலைப் பற்றி எல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணினார். ஒருவர் வரவில்லை என்றால் வண்டி நகராது. கடற்கரை சொன்னபடியே இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே எதிரில் உள்ள திட்டுக்குப் போகலாம், கரையோரம் உடைந்த சிப்பித் துகளால் மணல் ஆங்காங்கே ரோஜா நிறம். (அந்த மணலை ஒரு பிடிகூட எடுத்து வரக் கூடாது, தடை இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.) இந்தப் பயணம் இப்படி நடந்ததால், 'கைடு' என்றால் கூடவே இருப்பவர், எண்ணிப் பார்த்து அழைத்துப் போகிறவர் என்றே மனதில் பதிந்துவிட்டது.

சமாரியாவுக்கு இணையத்தில் பதிவு செய்தபோது 38 யூரோ. அறிவிப்பில் இருந்தது: ஹோட்டலில் இருந்து அழைத்துச் செல்வார்கள், அனுபவமுள்ள கைடு, ஐரோப்பாவின் நீளமான மலையிடுக்குகளில் ஒன்றில் நடை, முடிவில் லிபியக் கடலில் குளியல், படகுப் பயணம், இரவு ஹோட்டலில் இறக்கிவிடுவார்கள். கீழே சிறிய எழுத்தில் நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும் சேரவில்லை என்று இருந்தது. அது பரவாயில்லை, தெரிந்துதான் கட்டினேன். தெரியாமல் போனது வேறு. 16 கி.மீ. என்று போட்டிருந்தார்களே தவிர, அது எப்படிப்பட்ட 16 கி.மீ. என்று ஒரு வரி இல்லை. 'நடுத்தரக் கடினம்' என்று மட்டும் இருந்தது. நான் ஜெர்மனியில் வார இறுதிகளில் காட்டுப்பாதையில் அந்த அளவு நடப்பவள்தான். அந்தச் சொல்லை நம்பினேன்.

விடியுமுன் இருட்டில் பேருந்து வந்தது. என் ஹோட்டல் முதல் நிறுத்தம். அப்புறம் கடற்கரையோரம் இருந்த விடுதிகளிலெல்லாம் நின்று நின்று, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறியது. வண்டியிலேயே கைடு நுழைவுக் கட்டணத்தையும் படகுக் கட்டணத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ஒமலோஸ் என்ற மேட்டுச் சமவெளியில் காலை உணவுக்கு நிறுத்தம், அது அரை மணி நேரத்துக்கு மேலேயே இழுத்தது. பாதை தொடங்கும் க்ஸிலோஸ்கலோவில் நாங்கள் இறங்கியபோது மணி எட்டரை. வாசல் காலை ஏழு மணிக்கே திறந்திருந்தது. இந்த ஒன்றரை மணி நேரம் மாலையில் என்ன விலை பெறும் என்று அப்போது தெரியவில்லை. உள்ளே போகும் முன் கைடு எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னது இதுதான்: அவரவர் வேகத்தில் நடங்கள், நான் பின்னால் வருவேன், ஐந்து மணிக்கு, பாதை கடலில் முடியும் அயியா ரூமேலி ஊரில் இன்ன உணவகத்தில் கூடுவோம், கடைசிப் படகு ஐந்தரைக்கு, அது யாருக்காகவும் காத்திராது. சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். படகுச் சீட்டுகள் மொத்தமும் அவர் பையில்.

இது அந்த நிறுவனம் மட்டும் செய்வதல்ல, அங்கே பொதுவான வழக்கம் என்று பிறகு தெரிந்தது. பாதை ஒன்றே ஒன்றுதான், வழி தவற வாய்ப்பு இல்லை. அதனால் ஒரு பேருந்துக்கு ஒரே கைடு, அவர் வால் பக்கம் வருவார். நீங்கள் பணம் கட்டுவது உண்மையில் போக்குவரத்துக்கு. காலையில் மலை உச்சியில் இறக்கிவிட்டு, மாலையில் வேறொரு ஊரில் ஏற்றிக்கொள்ள ஒரு பேருந்து வேண்டும் அல்லவா, அதற்கான கட்டணம். இதைத் தெரிந்துகொண்டு போனால் தவறே இல்லை.

க்ஸிலோஸ்கலோ கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். செப்டம்பரிலும் காலையில் பல் கிட்டும் குளிர், ஒரு மெல்லிய ஜாக்கெட் கட்டாயம். எதிரே கிங்கிலோஸ் சிகரம் செங்குத்தாக நிற்கிறது, வெயில் முதலில் அதன் நெற்றியில்தான் விழுந்தது. அங்கிருந்து மரக் கைப்பிடி போட்ட கற்படிகள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. முதல் 3, 4 கி.மீ.க்குள்ளேயே மொத்த உயரத்தில் பாதி இறங்கிவிடும். ஏறுவது என்றால் மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடுவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் களைப்பு தெரியாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலிலும் தொடையிலும் விழுகிறது. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றரையடி. மேலே உள்ள கற்கள் லட்சக்கணக்கானோர் மிதித்து வழவழவென்று ஆகிவிட்டன. காலணிக்குள் விரல்கள் முன்னால் போய் இடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டு கட்டைவிரல் நகங்களும் பிறகு கறுத்து விழுந்தன. போகிறவர்கள் முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். காலணி அரை அளவு பெரிதாக, கணுக்காலைப் பிடிப்பதாக இருக்கட்டும், புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் நடைக்கோல்கள், ஒன்றல்ல, இரண்டு. விமானத்தில் கைப்பையில் விடுவார்களா என்பது விமான நிறுவனத்தையும் விமான நிலையச் சோதனையையும் பொறுத்தது. அந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் ஹனியாவில் மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. அறிவிப்பில் இதையெல்லாம் ஒரு வரி எழுதியிருந்தால் நான் நூறு யூரோ கொடுத்தாவது வாங்கியிருப்பேன்.

படிகள் முடிந்து, பெரிய பெரிய சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே அயியோஸ் நிக்கோலாஸ் என்ற சிறு கோவில் வந்தது. அங்கே தண்ணீர் குழாய், உட்கார மேசை எல்லாம் உண்டு. ஊற்று நீர், குடிக்கலாம், அவ்வளவு ஜில்லென்று இருக்கும். ஆகையால் நிறைய பாட்டில்களைச் சுமக்க வேண்டாம், ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் நிரப்பிக்கொண்டாலே போதும். ஆனால் உணவு உள்ளே எங்கேயும் விற்க மாட்டார்கள். அதை மட்டும் போதுமான அளவு எடுத்துப் போங்கள். அங்கே உட்கார்ந்து எழுந்தபோதுதான் இடது முழங்காலின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று ஒரு குத்தல். சமதளத்தில் தெரியவில்லை, இறக்கத்தில் கால் வைத்தால் கத்தி சொருகியது போல இருந்தது. அதற்கப்புறம் ஆற்றுப்படுகை. உருண்டைக் கற்கள் மேல் நடக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் காலடியில் புரள்கிறது. பத்து அடிக்கு ஒருமுறை நின்றேன். எங்கள் பேருந்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். 'ஓகேவா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'ஓகே' என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஏறக்குறைய பாதி தூரத்தில் சமாரியா என்ற பழைய ஊர். 1962-ல் இந்த மலையிடுக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அங்கே வாழ்ந்த குடும்பங்களை வெளியேற்றிவிட்டார்கள். கல் வீடுகள் மட்டும் நிற்கின்றன, சிலவற்றைப் பழுதுபார்த்துப் பூங்கா ஊழியர்கள் பயன்படுத்துகிறார்கள். காட்டு ஆடுகள், கிரி-கிரி என்பார்கள், வேறெங்கும் கூச்சப்பட்டு ஓடுமாம். இங்கே மேசையில் இருந்த என் பையை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது ஒன்று. பின்னோக்கி வளைந்த கொம்பு, கண்ணில் கொஞ்சமும் பயம் இல்லை. நான் கால்சராயைச் சுருட்டி முழங்காலைப் பார்த்தேன், நன்றாக வீங்கியிருந்தது. அங்கேதான் கைடு என்னை வந்து பிடித்தார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். தன் பையிலிருந்து கட்டுத்துணி எடுத்து அவரே சுற்றிவிட்டார். ஆனால் அவருடன் தலைசுற்றலில் இருந்த ஒரு பெரியவரும் இருந்தார். கொஞ்ச நேரம் நின்றார், கடிகாரத்தைப் பார்த்தார். 'மெதுவாக வாருங்கள், ஐந்துக்குள் வந்துவிடலாம். முடியவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள்' என்று எண்ணைக் கொடுத்துவிட்டு அந்தப் பெரியவரோடு கிளம்பிவிட்டார். பின்னால் வருவேன் என்றவர் இப்போது எனக்கு முன்னால். போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. மலையிடுக்கின் பெரும்பகுதியில் அப்படித்தான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அந்த நேரத்து மனநிலையை மறைக்க விரும்பவில்லை. அழுகை வந்தது. வலியால் அல்ல. இவ்வளவு பேர் நடுவே, பணம் கட்டி ஒரு குழுவில் சேர்ந்து வந்தும், எனக்கு ஏதாவது ஆனால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பால். பூங்கா ஊழியர் ஒருவர் வந்து பேசினார். உள்ளே கோவேறு கழுதைகள் வைத்திருக்கிறார்கள், நடக்கவே முடியாதவர்களை அவற்றில்தான் கொண்டுபோகிறார்கள். காலை ஊன்ற முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது என்றேன். அப்படியானால் மெல்ல நடங்கள், கடைசி ஆள் வெளியேறும் வரை நாங்கள் உள்ளே இருப்போம் என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் மீதி தூரத்துக்கு என்னை எழுப்பி நிறுத்தியது. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்: உள்ளே நுழையும்போது தரும் சீட்டை வெளியேறும்போது திரும்பக் காட்ட வேண்டும், யாரும் உள்ளே தங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. சீட்டைத் தொலைக்காதீர்கள். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காமல் காவலர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர்கள் வழி நெடுக இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கைடைவிட அவர்களே துணை.

அங்கிருந்து பாறைச் சுவர்கள் நெருங்க ஆரம்பிக்கின்றன. சில இடங்களில் கல் விழும் அபாயம், நிற்காமல் வேகமாகப் போங்கள் என்று பலகை. வேகமாகப் போக முடியாதவர்களுக்கு அந்தப் பலகை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே, கீழே கல்லையும் பார்த்துக்கொண்டு போனேன். 11 கி.மீ. தாண்டி 'இரும்பு வாசல்' என்று சொல்லும் இடம். இருபுறமும் 300 மீட்டர் உயரம் வரை போகும் சுவர்கள், நடுவே இடைவெளி நான்கு மீட்டர் போலத்தான். ஓடை முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதால் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். மேலே வானம் ஒரு நாடா அளவு. எல்லாப் படங்களிலும் வருவது இந்த இடம்தான். நான் போனபோது அங்கே ஒருவர்கூட இல்லை. பகலில் முண்டியடித்திருக்கும் கூட்டமெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. ஓடைச் சத்தமும் என் கைக்கம்பு (வழியில் கிடந்த ஒரு காய்ந்த கிளை) பலகையில் தட்டும் சத்தமும் மட்டும். வலக்கையைச் சுவரில் வைத்தேன். அவ்வளவு வெயில் நாளிலும் கல் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

இன்னொரு விஷயம். பூங்காவின் எல்லை 13-வது கி.மீ.யில் முடிந்துவிடும், ஆனால் ஊரும் படகுத்துறையும் அதற்கப்புறம் 3 கி.மீ. தள்ளி. வெட்டவெளி, நிழல் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வருகிறவர்களுக்கு அதுதான் கொடுமை. வாசலுக்கு வெளியே சிற்றுந்து ஒன்று சில யூரோ வாங்கிக்கொண்டு ஊர் வரை விடுகிறது. யோசிக்காமல் ஏறிவிடுங்கள். நான் ஏறி ஊருக்குள் வந்து இறங்கியபோது மணி ஆறாகப் போகிறது. துறை காலி. கைடு சொன்ன உணவகத்தில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் வந்ததும் போனில் அவர் அனுப்பிய செய்தி: மற்றவர்களுக்குப் பேருந்து காத்திருக்கிறது, கிளம்ப வேண்டியதாயிற்று, ஊரில் அறை கிடைக்கும், நாளைக் காலைப் படகில் வாருங்கள். மன்னிப்பும் கேட்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பது பேருக்கு ஒரே ஆளை அனுப்பி, அவரிடமே எல்லாச் சீட்டையும் கொடுத்து வைத்த ஏற்பாட்டின் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அயியா ரூமேலிக்குச் சாலையே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். டாக்ஸி பிடித்துப் போய்விடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படகு போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அறை 55 யூரோ. அறை கொடுத்த அம்மையார் என் காலைப் பார்த்ததும் முதலில் பனிக்கட்டிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார், கணக்கு வழக்கு அப்புறம்தான். பாஸ்போர்ட் ஹனியா அறையில் இருந்தது, போனில் இருந்த நகலை வைத்துச் சமாளித்தேன். உங்கள் பாஸ்போர்ட், விசா அல்லது குடியிருப்பு அனுமதி அட்டையின் படங்களை இணையம் இல்லாமலே திறக்கும்படி போனில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிட வேண்டிய தைராய்டு மாத்திரை கையில் இல்லை, மறுநாள் காலை தவறியது. ஒருநாள் பயணம்தானே என்று மாத்திரையை அறையிலேயே விட்டுப் போகாதீர்கள், இரண்டு நாளைக்குப் பையில் இருக்கட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு மாற்று உடை, போன் சார்ஜர், நூறு யூரோ அளவுக்கு ரொக்கம், இவ்வளவும் சேர்ந்தாலும் அரைக் கிலோ வராது. இரவு அம்மா போன் செய்தார். 'எங்கேம்மா இருக்கே, சாப்பிட்டியா?' என்றார். 'ரூம்லதான் இருக்கேன்மா, இப்பதான் சாப்பிட்டேன்' என்றேன். இரண்டுமே பொய் இல்லை, ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்த ஊரில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கு நெருக்கமான ஒருவருக்கும் தெரியாது. அடுத்த நாளே ஒரு தோழிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் பதிவுச் சீட்டு, கைடின் எண், திரும்பும் நேரம் மூன்றையும் அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புகிறேன். தனியாகப் போகும் பெண்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் படகுக்குப் புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. முந்தின நாள் நான் பணம் கொடுத்த சீட்டு கைடோடு போய்விட்டது. வழியில் லூத்ரோ என்ற ஊர், அதற்கும் சாலை இல்லை, வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாகக் குடாவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ஃபாக்கியாவில் இறங்கி, அரசு வழித்தடப் பேருந்து போல ஓடும் கே.டெ.எல். பேருந்துக்காகக் காத்திருந்து, மலையைத் தாண்டி ஹனியா வந்து சேர்ந்தபோது பிற்பகல். அதற்குள் நான் முன்பணம் கட்டி வைத்திருந்த பாலோஸ் படகு கிஸ்ஸமோஸ் துறையிலிருந்து கிளம்பிப் போயிருந்தது. கிராம்வூசா தீவின் வெனிஸ் காலத்துக் கோட்டையும் பாலோஸ் காயலும் பார்க்கத்தான் நான் கிரீட்டுக்கே வந்தேன். அதை இன்னும் பார்க்கவில்லை. அறை, சாப்பாடு, இரண்டாவது படகுச் சீட்டு, பேருந்து, பாலோஸ் பணம் எல்லாம் கூட்டினால் 150 யூரோவை ஒட்டி வந்தது. 38 யூரோ பயணத்துக்கு. ஊருக்குத் திரும்பியதும் டாக்டர், பிசியோதெரபி, பல வாரம் படியில் பக்கவாட்டில் இறங்கியது எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றபோது சில விஷயங்கள் தெரிந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'தொகுப்புப் பயணம்' வாங்குகிறவர்களுக்கு 2015-ல் வந்த சட்டம் நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்கள் அதற்குள் வராது. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் திருப்பலாம் என்கிற உரிமையும் குறிப்பிட்ட தேதிக்கு வாங்கிய பொழுதுபோக்குச் சேவைக்குப் பொருந்தாது. ஆக, உங்களைக் காப்பது சீட்டில் எழுதியிருக்கும் நிபந்தனைகள்தான். '24 மணி நேரம் முன்பு வரை இலவசமாக ரத்து' என்று இருப்பதையே வாங்குங்கள். நீங்கள் பணம் கட்டும் இணையதளம் வேறு, பேருந்து ஓட்டும் உள்ளூர் நிறுவனம் வேறு, புகாரை இரண்டு பக்கமும் எழுத்தில் அனுப்ப வேண்டும். நான் அறிவிப்பின் படம், கைடு அனுப்பிய செய்தி, அறை ரசீது, புதிய படகுச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். சில கடிதங்களுக்குப் பிறகு பயணக் கட்டணமும் இரண்டாவது படகுச் சீட்டும் திரும்பக் கிடைத்தன. அறைக்கும் பாலோஸுக்கும் கிடைக்கவில்லை. ரசீதுகளைப் படம் எடுத்து வைத்ததால்தான் அதுவும் கிடைத்தது. இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவில் வருகிறவர்கள் எடுக்கும் கட்டாயக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ வரை அவசர மருத்துவச் செலவைப் பார்க்கும், தவறிப்போன பயணங்களைப் பெரும்பாலும் பார்க்காது. அதற்குத் தனிப் பிரிவு சேர்க்கலாம், விசாரியுங்கள்.

பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைடு நடக்கும்போது எங்கே இருப்பார், எத்தனை பேருக்கு ஒருவர்? பாதை வாசலில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுவீர்கள்? நான் தாமதமானால் யார் காத்திருப்பார்கள், இரவு தங்க நேர்ந்தால் செலவு யாருடையது? படகுச் சீட்டை என் கையிலேயே தருவீர்களா? கடைசிக் கேள்வியை விடாதீர்கள், சீட்டு கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். முழங்காலில் ஏற்கெனவே தொல்லை இருந்தால் அதையும் எழுதிக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். கே.டெ.எல். பேருந்திலேயே அதிகாலையில் ஒமலோஸ் வழியாக க்ஸிலோஸ்கலோ போகலாம். விடுதி விடுதியாக நிற்காததால் சீக்கிரமே போய்ச் சேரும், மாலையில் படகு வந்து சேரும் ஊரிலிருந்தும் ஹனியாவுக்குப் பேருந்து உண்டு. மலையிடுக்கு பொதுவாக மே தொடக்கம் முதல் அக்டோபர் கடைசி வரைதான் திறந்திருக்கும். கடும் வெயிலோ மழையோ எதிர்பார்க்கப்பட்டால் அன்றைக்கு மூடிவிடுவார்கள், முந்தின மாலை விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளுக்குத் திருப்பித் தராத பயணம் எதையும் போட்டு வைக்காதீர்கள். கால் தேறினாலும் அன்றைக்கு உட்கார்ந்தே இருக்கத் தோன்றும்.

முழுவதும் நடக்கத் தெம்பில்லாதவர்களுக்கும், பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று இம்ப்ரோஸ் மலையிடுக்கு. 8 கி.மீ.தான், இறக்கமும் அவ்வளவு செங்குத்து இல்லை, முடியும் இடத்தில் சாலை இருக்கிறது. இன்னொன்று, ஸ்ஃபாக்கியாவிலிருந்து காலைப் படகில் அயியா ரூமேலி வந்து, கீழ் வாசல் வழியாக உள்ளே போய் இரும்பு வாசலை மட்டும் பார்த்துத் திரும்புவது. போக வர 8, 9 கி.மீ. இருக்கும், செங்குத்தான இறக்கம் எதுவும் கிடையாது. உச்சியிலிருந்து வரும் கூட்டம் அங்கே வந்து சேரும் முன் போனால் அந்த இடம் உங்களுக்கே. திரும்பி வந்து கடலில் இறங்கவும் நேரம் இருக்கும். கரை முழுக்கக் கருங்கூழாங்கல், மதியத்தில் பாதம் வெந்துவிடும், தண்ணீர்க் காலணி ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள்.